பத்து நகத்திலும் மஞ்சள்

அத்தியாயம் ஏழு

பெரியண்ணன் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே மூக்கனுக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. நல்ல காரை வீடு, இரட்டைக் கதவு, முற்றத்தில் பதினொரு மணி வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு சத்தம் இல்லை. மாடு கத்தவில்லை, கோழி கொக்கரிக்கவில்லை, அடுப்படியில் ஒரு பாத்திரம்கூட உருளவில்லை. வீட்டுக்காரர் பெரியண்ணன் செத்து நாலு மாசம் ஆன வீட்டில் இவ்வளவு அமைதி ஆகாது, அடுத்த சாவுக்கு ஆயத்தமாகிற மாதிரி இருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. பட்டதை வெளியே சொல்லவில்லை. மூக்கன் நாக்கில் வந்ததை அடக்கினான் என்றால் நிலைமை எப்படிப்பட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவனும் துப்பறியும் செபமாலையும் புதுக்கோட்டையிலிருந்து கரி பஸ்ஸில் அன்னவாசல் வந்து இறங்கியிருந்தார்கள். யுத்த காலம் அது. பெட்ரோல் கண்ணில் காணாத சரக்காகிவிட்டதால் பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைக் கொட்டி ஊதி ஓட்டினார்கள். பத்து மைல் வருவதற்குள் இரண்டு தடவை இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. டிக்கெட்டும் வாங்கி வண்டியையும் தள்ளினால் சம்பளம் யார் கொடுப்பது என்று மூக்கன் கண்டக்டரைக் கேட்டான். அவனே ஒரு காலத்தில் கண்டக்டராக இருந்து, வாய்த்துடுக்கினால் வேலையைத் தொலைத்தவன். செபமாலை போலீஸில் இருபது வருஷம் ஏட்டாக இருந்துவிட்டு வெளியே வந்து, சொந்தமாகத் துப்பறிந்து கொடுக்கிறவர். ஐம்பத்தைந்து வயது, கக்கத்தில் எப்போதும் ஒரு குடை. பேச்சு குறைவு. இவர் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவன் பேசிவிடுவதால் கணக்கு நேராகிவிடும்.

கூப்பிட்டு எழுதியிருந்தவள் பெரியண்ணனின் மனைவி சொர்ணவல்லி. முப்பத்திரண்டு வயதுக்காரி. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தபோது ஐம்பது சொல்லலாம் போலிருந்தது. உதடு வெளுத்திருந்தது. நெற்றி வியர்வையைத் துடைக்கத் துடைக்க ஊறிக்கொண்டே இருந்தது.

அவள் சொன்ன கதை சின்னதுதான். மாசி மாதம் அவள் புருஷனுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, தலைசுற்றல் விடவில்லை. பிறகு வாந்தி, பிறகு வியர்வை, பிறகு கை நடுக்கம். நாற்பது வயசு மனுஷர், ஏற்றம் இறைத்த உடம்பு, இருபத்திரண்டாம் நாள் போய்விட்டார். டவுனிலிருந்து வந்து பார்த்த டாக்டர் இருதய பலவீனம் என்றார். ஊரும் சரியென்று விட்டுவிட்டது. இப்போது ஆனி பிறந்ததும் இவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது.

"அப்புறம் அதே மாதிரிங்க," என்றாள் சொர்ணவல்லி. "அதே வரிசை. தலைசுத்து, வாந்தி, வேர்வை. முந்தாநாள்ல இருந்து கை நடுங்குது. அவரு இருபத்திரெண்டாம் நாள் போனாரு. எனக்கு இன்னிக்குப் பத்தொம்போது."

மீதி மூன்று நாள் என்று அவள் சொல்லவில்லை, மூக்கனாகத்தான் கழித்துப் பார்த்துக்கொண்டான்.

யார்மேல் சந்தேகம் என்று செபமாலை கேட்டார். யார் பேரையும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வீட்டில் இருப்பது மூன்றே பேர். அவள், சமையல் பார்க்கிற அழகம்மாள், புருஷனுடைய தம்பி நாகராசு. அழகம்மாள் இருபது வருஷமாக இந்த வீட்டுச் சோறு தின்பவள். நாகராசுவோ அண்ணி படுத்த நாளிலிருந்து தோட்டத்துப் பக்கம்கூடச் சரியாகப் போகாமல், வேளாவேளைக்குக் கஞ்சியும் கஷாயமுமாகத் தாய்க்குப் பார்க்கிற மாதிரி பார்க்கிறான். வெளியாள் யாரோ வந்து போகிறான் என்று அவள் நம்பினாள். அதற்கு அவளிடம் ஓர் ஆதாரமும் இருந்தது.

"உசிரு போறப்ப அவரு முகத்துக்கிட்டக் குனிஞ்சேங்க. சுருட்டு வாடை அடிச்சுச்சு. இந்த வீட்டுல பொகையிலைக்கு எடமில்லீங்க."

இடமில்லை என்பது சும்மா பேச்சுக்கு இல்லை. பெரியண்ணனுடைய அப்பா காலத்தில் யாரோ பீடித் துண்டை அணைக்காமல் போட்டு வைக்கோல்போர் பற்றிக்கொண்டது. போரடியில் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய மூத்த பெண் அதிலேயே போய்விட்டது. அன்றைக்கு அய்யனார் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டு ஆண்கள் பீடி, சுருட்டு, வெற்றிலையோடு போடுகிற புகையிலை எதையும் தொட்டதில்லை. கூலிக்கு வருகிறவன்கூட வாசலுக்கு வெளியே மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வருவான். அப்படிப்பட்ட வீட்டில், சாகிறவன் முகத்தருகே புகையிலை வாடை. அங்கே நின்றவன் எவன்?

"புடிக்கிறவனைக் கண்டுபுடிச்சாப் போதும்ங்களா?" என்று வெளியே வந்ததும் மூக்கன் கேட்டான்.

"போதுமா போதாதான்னு கண்டுபுடிச்சப்புறம் சொல்றேன்," என்றார் செபமாலை.

மூக்கன் கை கழுவப் போனான். இந்த ஒரு வாரமாக அவனுக்கு அதுதான் வேலை. வருகிற வெள்ளிக்கிழமை கட்டுமாவடியில் பெண் பார்க்கப் போகிறான். பெண்ணின் தகப்பனாருக்குப் பீடி என்றாலே குமட்டுமாம். வருகிற மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பலகை போடச் சொல்வாராம். மூக்கனுடைய வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பத்து வருஷப் பீடியில் மஞ்சள் பூத்துப் போயிருந்தன. அவன் செய்யாத வைத்தியம் இல்லை. புளியைக் கரைத்துத் தேய்த்தான். சாம்பலைப் போட்டுத் தேங்காய் நாரால் கரண்டினான். கடைசியில் ஒரு லாரி டிரைவர்தான் வழி சொன்னார். எலுமிச்சம் பழத்தைப் பாதியாக அறுத்து, உப்பைத் தொட்டு விரலில் அழுத்தித் தேய்த்து, அரை நாழிகை ஊறவிட்டு, குதிகால் தேய்க்கிற கல்லால் மெதுவாக உரசிக் கழுவ வேண்டும். கழுவியதும் எண்ணெய் தடவ வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெடித்துவிடும். ஏழு நாள் செய்தான். பீடியையும் நிறுத்தினான். தோல் வெளுத்துவிட்டது. நகம் மட்டும் மசியவில்லை.

குளிக்கிற அறையில் வெந்நீர் அண்டாவுக்குப் பின்னால் கரி எடுக்கிற சந்தில் ஏதோ தெரிந்தது. மூக்கன் குனிந்து எடுத்தான். எலுமிச்சை மூடி. பிழிந்து காய்ந்த மூடி. ஒன்றல்ல, பதினொன்று. அதோடு ஒரு குதிகால் கல். கல்லின் துளைகளிலெல்லாம் பழுப்பு மஞ்சளாக என்னவோ அடைந்திருந்தது. அவன் அதை மூக்கருகே கொண்டுபோனான். ஏழு நாள் பீடிப் பட்டினி கிடந்தவன் மூக்குக்கு அந்த வாடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்குள் அழகம்மாள் அங்கே வந்துவிட்டாள். அவன் கையில் இருந்ததைப் பார்த்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, கீழே போடச் சொல்லிக் கெஞ்சினாள். மூன்று நாளைக்கு முன்பே அவள் அதைப் பார்த்துவிட்டாளாம். மரத்திலிருந்த காய் முழுவதும் காணாமல் போனபோதே அவளுக்குச் சந்தேகமாம். வீட்டுக்குள் ஒளித்து வைத்த எலுமிச்சை என்றால் அது செய்வினை. தொட்டவர் கை விளங்காது. அம்மாவை எடுத்துக்கொண்டுதான் அது இந்த வீட்டைவிட்டுப் போகும். பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை, மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்ததோடு சரி.

"செய்வினை செய்யிற ஆளு எலுமிச்சம்பழத்துல குங்குமம் தடவுவான், ஊசி குத்துவான். குதிகாலு தேய்க்கிற கல்லை எதுக்கு ஆத்தா வைக்கிறான்? பேய்க்கும் பித்தவெடிப்பா?" என்றான் மூக்கன்.

அவள் சிரிக்கவில்லை. சொல்லப்போனால் அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. அண்டாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, யாருக்கும் தெரியாமல் பதினொரு மூடி தேய்த்திருக்கிறான் ஒருவன். அவனுக்கு வெளியிலிருந்து வர வேண்டிய அவசியமில்லை. அவன் இந்த வீட்டிலேயே குளிக்கிறவன்.

செபமாலையிடம் காட்டினான். அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் துண்டில் முடிந்துகொண்டார். இது எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அவனுடைய கல்யாண வைத்தியம் புதுக்கோட்டை முழுக்கத் தெரிந்த சங்கதி.

"தோல் எத்தனை நாள்ல வெளுக்கும்?"

"பத்து நாள் போதுங்க. நகம் ஆகாதுங்க. நகத்துல ஏறுனது ஏறுனதுதான். அடியில இருந்து புதுசா வளந்து, பழசு நுனிக்கு வந்து வெட்டி எறியிற வரைக்கும் அது நம்மளைக் காட்டிக்குடுத்துக்கிட்டே இருக்கும்."

"அப்ப நகத்தைப் பாப்போம்," என்றார்.

பார்க்கக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தோட்டத்திலிருந்து நாகராசு இளநீரோடு வந்தான். இருபத்தெட்டு வயது. நெற்றி நிறைய விபூதி, தணிந்த குரல். வந்தவர்களுக்கு முதலில் இருக்கப் பலகை போட்டான், பஸ் பாடு எப்படி என்று விசாரித்தான், அண்ணியைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று கேட்கும்போது கண் கலங்கினான். இளநீரைச் சீவிப் பெரிய டம்ளரில் ஊற்றி இரண்டு கையாலும் ஏந்தி மூக்கனிடம் கொடுத்தான்.

மூக்கன் டம்ளரைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். விரல்தோல் சுத்தமாக இருந்தது. தேய்த்த சுத்தம், அங்கங்கே சிவந்து பொரிந்திருந்தது. நகம் அத்தனையும் மஞ்சள். ஓரத்தில் பழுப்பு. கட்டை விரலிலிருந்து சுண்டு விரல்வரை, இந்தக் கையிலும் அந்தக் கையிலும். தம்பி ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி ஊதுற ஆளு போலிருக்கு என்று அவன் செபமாலையின் காதில் போட்டான். செபமாலை அவனைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக இப்படிப்பட்ட பேச்சுக்கு முறைப்பார். அன்றைக்கு முறைக்கவில்லை, எதையோ யோசிக்கிறவராக இளநீரைக் குடித்து முடித்தார். பிறகு துண்டை அவிழ்த்து அந்தக் கல்லை நாகராசுவின் முன்னால் வைத்தார்.

நாகராசுவின் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனால் ஒரு கணம்தான். அடுத்த கணம் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். ஆமாம், அவனுக்கு சிகரெட் பழக்கம் உண்டு. ஆறு வருஷமாக உண்டு. திருச்சியில் படிக்கப் போன இடத்தில் பிடித்துக்கொண்டது. கிணற்றடியில் தென்னைக்குப் பின்னால் நின்று பிடிப்பான். அண்ணனுக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே வீட்டைவிட்டு இறக்கியிருப்பார். அண்ணிக்குத் தெரிந்தால் செத்துப்போவாள், குடும்பச் சத்தியத்தை மீறியதால்தான் அண்ணன் போனார் என்று நினைத்துக்கொள்வாள். அதனால்தான் விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது. அண்ணன் உயிர் போனபோது அவர் தலையைத் தாங்கிப் பிடித்திருந்ததும் அவன்தான். அவன் கை வாடைதான் அண்ணிக்கு அடித்திருக்கும்.

"எங்க அண்ணிக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்கய்யா. ஒங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன்," என்றான்.

மூக்கனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. புகையிலை வாடைக்கு விடை கிடைத்துவிட்டது. எலுமிச்சைக்கும் கல்லுக்கும் விடை கிடைத்துவிட்டது. கொலைகாரன் கிடைக்கவில்லை, திருட்டு தம் அடிக்கிற ஒரு நல்ல பிள்ளைதான் கிடைத்தான். உள்ளே அந்தப் பெண்ணுக்கு மூன்று நாள் மிச்சம். கையில் பிடித்திருந்த ஒரே நூலும் அறுந்துவிட்டது.

செபமாலையோ ஒன்றும் நடக்காதது போல எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். இதற்குப்போய் எதற்குக் கும்பிடுகிறீர்கள் தம்பி, வயசுப் பிள்ளைகள் செய்வதுதானே என்றார். பிறகு மூக்கனைக் காட்டி, இவன் ஒரு வாரமாக விரதம் இருக்கிறான், பார்க்கப் பாவமாக இருக்கிறது, கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கு ஒன்று பிடித்துவிட்டு வாருங்கள், அதற்குள் நான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார்.

மூக்கனுக்கு அதிசயமாக இருந்தது. முன்னொரு தடவை பீடி வாடைக்குப் பயந்து அவனைப் பஸ்ஸின் கூரைமேல் ஏற்றி அனுப்பிய மனிதர் இவர்.

கிணற்றடியில் ஏழெட்டுத் தென்னை. மேற்கே கருமேகம் கட்டிக்கொண்டு வெயில் மங்கிவிட்டது. காற்று நின்றுபோய்ப் புழுங்கியது. சித்தன்னவாசல் பாறைப் பக்கம் மயில் ஒன்று விட்டுவிட்டு அகவியது. நாகராசு மடியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தான். யுத்த காலத்தில் அந்த மாதிரி சிகரெட்டைப் பார்ப்பதே அபூர்வம். பாக்கெட் அன்றைக்குத்தான் பிரித்தது போலப் புதுசாக இருந்தது. மூக்கனுக்கு ஒன்று கொடுத்து, தானும் ஒன்றைப் பற்றவைத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்துக்கொண்டான்.

ஏழு நாளுக்குப் பிறகு முதல் தம். மூக்கனுக்குக் கண் சொருகியது. அந்தச் சந்தோஷத்தில் அவன் நாகராசுவுக்கு வைத்தியம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டான். பிடிப்பதற்கு முன்னால் விரலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் மஞ்சள் ஏறாது. சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியை வளைத்து ஒரு கொக்கி செய்து அதில் சொருகிப் பிடித்தால் விரலில் புகையே படாது. பிடித்து முடித்ததும் அப்போதைக்கு அப்போதே சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும், ராத்திரிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. நாகராசு அக்கறையாகக் கேட்டுக்கொண்டான். நகத்துக்கு என்ன செய்வது என்று கேட்டான்.

"நகத்துக்கு மருந்து கெடையாது தம்பி. வளந்துதான் போகணும். அஞ்சு மாசம் ஆகும். அதுவும், இனிமே தொடாம இருந்தாத்தான்."

நாகராசு தன் நகங்களைப் பார்த்தபடியே லேசாகச் சிரித்தான். "இன்னும் மூணு நாள்தாண்ணே. அதுக்கப்புறம் தொடவே மாட்டேன்."

நல்ல முடிவு என்றுதான் மூக்கன் சொல்லப்போனான். சொல்ல வாயெடுத்தவனுக்கு மூன்று நாள் என்ற வார்த்தை காதில் உறுத்தியது. அதை இன்றைக்குக் காலையில் எங்கே கழித்துப் பார்த்தோம் என்று அவன் யோசிக்கிறபோதே, கொல்லைக் கதவு திறந்தது. ஒரு பெண் இருமுகிற சத்தம் கேட்டது.

மூக்கனுடைய கை அவனைக் கேட்கவில்லை. சிகரெட் உள்ளங்கைக்குள் புரண்டது, கை முதுகுக்குப் பின்னால் போயிற்று, வாயிலிருந்த புகையை அவன் விழுங்கினான். நெருப்பு உள்ளங்கையைப் பதம் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். சின்ன வயதிலிருந்து அப்பனுக்கும் அண்ணனுக்கும் வாத்தியாருக்கும் பயந்து பிடித்தவன் உடம்பு அது. மூத்தவர் காலடிச் சத்தம் கேட்டால், மூளைக்குச் சேதி போகிற முன்பே கை ஒளிந்துகொள்ளும்.

சொர்ணவல்லி அழகம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். இன்னொரு கையில் ஒரு வெள்ளி டம்ளர் இருந்தது. பின்னால் செபமாலை வந்தார்.

நாகராசு அப்படியே நின்றான். மரியாதையாக ஒரு அடி முன்னால்கூட வைத்தான். எதற்கு அண்ணி எழுந்து வந்தீர்கள் என்று பதறினான். அவனுடைய வலது கையில், இரண்டு விரலுக்கு நடுவே, மார்புக்கு நேராக, சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. அது அங்கே இருப்பதே அவனுக்கு ஞாபகமில்லை.

"மூக்கா, ஒன் கை எங்க?" என்று செபமாலை கேட்டார்.

"பின்னாடிங்க."

"யார் சொல்லி ஒளிச்ச?"

"யாரும் சொல்லலீங்க. அம்மா வந்தாங்க, அது தானாப் போயிருச்சு."

"தம்பி கையைப் பாரு."

எல்லோரும் பார்த்தார்கள். நாகராசுவும் பார்த்தான். பார்த்த பிறகுதான் அவன் சிகரெட்டைக் கீழே போட்டான்.

"ஆறு வருஷமா அண்ணனுக்கும் அண்ணிக்கும் தெரியாமப் புடிச்சதாச் சொன்னீங்க," என்றார் செபமாலை. குரலை உயர்த்தவில்லை. "ஆறு வருஷம் ஒளிச்ச கைக்கு ஒளியத் தெரியலையே. நீங்க புடிக்கிற ஆளே இல்லை தம்பி. இன்னிக்குத்தான் மொதல் சிகரெட்டு. எப்பவாவது கையைப் பாத்து யாராச்சும் கேட்டுட்டா இருக்கட்டும்னு ஒரு பாக்கெட்டு வாங்கி வச்சிருந்தீங்க. சின்னத் தப்பை ஒத்துக்கிட்டா, பெரிய தப்பைத் தேட மாட்டாங்கங்கிற தைரியம்."

மூக்கனுக்கு இப்போது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. புகைப்பவனுக்கு ஒரு கையில் இரண்டு விரல்தான் மஞ்சளாகும். அவன் விளையாட்டாகச் சொன்னானே, இரண்டு கையாலும் ஊதுகிற ஆள் என்று, அது விளையாட்டில்லை. பத்து விரலும் புகையிலையில் முங்கியிருக்கின்றன. ஊறிய புகையிலையைத் துணியில் கட்டி இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிகிறவனுக்குத்தான் பத்து நகத்திலும் அப்படி ஏறும். கத்தரிக்காய்த் தோட்டத்துப் பூச்சிக்கு அந்தத் தண்ணீரை அடிப்பார்கள். பூச்சி மட்டும் சாகிற தண்ணீரில்லை அது.

"தோட்டத்துப் பூச்சிக்குப் புழிஞ்சேன்னு சொல்லியிருந்தா நான் நம்பிப் போயிருப்பேன்," என்று செபமாலை தொடர்ந்தார். "குத்தமுள்ள மனசு, பொகையிலைத் தண்ணிங்கிற வார்த்தைகிட்டயே வரப் பயப்படுது. அதுதான் சுத்திக்கிட்டு சிகரெட்டு வழியா வந்துட்டீங்க. தாயி, அந்தக் கஷாயத்தைக் குடிச்சீங்களா?"

"இல்லீங்க. நீங்கதானே கொல்லைக்கு வந்து குடிக்கலாம்னீங்க." சொர்ணவல்லி டம்ளரைக் குனிந்து பார்த்தாள். "மத்தியானக் கஷாயம். தம்பிதான் காய்ச்சி வச்சிட்டுப் போச்சு."

செபமாலை டம்ளரை வாங்கி நாகராசுவிடம் நீட்டினார். ஒரு மடக்குப் போதும் என்றார். ஒரே மடக்குக் குடித்துவிட்டால், இத்தனையும் வாபஸ் வாங்கிக்கொண்டு, காலில் விழுந்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பதாகச் சொன்னார்.

நாகராசு டம்ளரையே பார்த்தான். தென்னை ஓலைகூட அசையவில்லை. சொர்ணவல்லி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்துவிடு, குடித்துக் காட்டிவிடு என்று அவள் மனசு கெஞ்சுவது முகத்தில் தெரிந்தது. இருபது நாளாகத் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறியவன். அவளுக்குக் குழந்தை இல்லாத குறைக்குப் பிள்ளை மாதிரி இருந்தவன். புருஷன் வீட்டையும் நிலத்தையும் அவள் பேருக்கு எழுதிவைத்தபோது, எனக்குப் பின்னால் எல்லாம் தம்பிக்குத்தான் என்று அவளே ஊரறியச் சொல்லியிருந்தாள்.

நாகராசு டம்ளரை வாங்கவில்லை. மூக்கன் நகர்ந்து தோட்டத்து வழியை அடைத்துக்கொண்டு நின்றான். ஆனால் நாகராசு ஓடுகிற எண்ணத்தில் இல்லை. கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மறுபடி அவன் பேசியபோது குரல் முன்பு மாதிரியே தணிந்துதான் இருந்தது. அதுதான் மூக்கனுக்குப் பயமாக இருந்தது.

"இந்த டம்ளருக்கு நீங்க சாட்சி சொல்லலாம்ங்கய்யா. அண்ணன் செத்ததுக்கு யாரு சொல்லுவா? அவருக்கு நான் ஒரு சொட்டுக் குடுத்ததா யாரும் சொல்ல முடியாது. நான் காய்ச்சி அடுப்படியில வைப்பேன், அவ்வளவுதான். வாயில ஊத்துனது யாருன்னு எங்க அண்ணியைக் கேளுங்க."

அழகம்மாள் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொர்ணவல்லி அழவில்லை. தோளைப் பிடித்திருந்த கை நழுவ, அவள் மெல்லச் சரிந்து தென்னை மரத்தடியில் உட்கார்ந்தாள். நாகராசுவை அதற்குப் பிறகு அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவனுக்கு என்ன ஆகும், தான் பிழைப்போமா என்று எதையும் கேட்கவில்லை. செபமாலையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஆமாங்க. நான்தான் ஊத்துனேன். மூணு வேளையும் நான்தான். கடைசி ரெண்டு நாளு வேணாம்னாருங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தலையத் தலைய ஆட்டுனாரு. பேச்சு வல்ல, என்னையவே பாத்தாரு. கசக்குதுன்னு அடம் புடிக்கிறாருன்னு நெனச்சேன். மூக்கைப் புடிச்சுக்கிட்டு ஊத்துனேங்க."

மூக்கன் வெந்துபோன உள்ளங்கையை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமாங்க?" என்று அவள் கேட்டாள். "நாந்தான் கொல்றேன்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பாராங்க?"

செபமாலை குடையைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"இல்ல தாயி. தெரிஞ்சிருக்காது. கசக்குதுன்னுதான் வேணாம்னுருப்பாரு."

அவள் சரியென்று தலையாட்டினாள்.